கை பார்த்த வேலை

என் மரவேலைப் பட்டறையில், மரத்தைக் குடையும் ரவுட்டர் ஒன்று தலைகீழாகத் தொங்குகிறது. 1998-ல் சென்னை பாரிமுனையில் வாங்கியது. இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த, அழுத்தினால் இறங்கி விட்டால் மேலே ஏறிக்கொள்ளும் பெரிய மெஷின். என் உள்ளங்கை பட்டுப் பட்டுக் கைப்பிடி வழவழவென்று ஆகிவிட்டது. பெயர்த் தகட்டில் மற்ற எழுத்தெல்லாம் அழிந்துபோய், நிமிடத்துக்கு 22,000 சுற்று என்ற எண் மட்டும் மிச்சம். இப்போது வரும் மெஷின்கள் மெதுவாகத் தொடங்கி வேகம் பிடிக்கும். இதில் அது கிடையாது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரமும் கிடையாது. ஸ்விட்சைப் போட்டால் ஒரு உதறல், அடுத்த நொடி முழு வேகம்.

இருபத்து நான்கு வருஷம் பெரும்பாலும் அதைக் கையில் பிடித்துத்தான் ஓட்டினேன். 2022-ல் ஒரு டேபிள் சாவின் (ரம்பம் பொருத்திய மேசையின்) பக்கப் பலகைக்கு அடியில் மாட்டினேன். பார்க்கிறவர்களுக்கு நாலு திருகு முடுக்குகிற வேலையாகத்தான் தெரியும். எனக்குப் பதினோரு நாள் பிடித்தது. அந்தப் பதினோரு நாளில் தெரிந்துகொண்டதை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கம். அப்பா நிலை, கதவு, மாட்டுவண்டி எல்லாம் செய்தவர். அவரிடம் ஏழு இழைப்புளி இருந்தன. அதில் இரண்டு, காடி எடுப்பதற்கென்றே அவர் கையால் செய்துகொண்டவை. கதவுச் சட்டத்தில் பலகை உட்கார ஒரு நீளக் காடி இழைக்க அரை நாள் ஆகும். 1994-ல் நான் மறைமலைநகருக்கு வந்தேன். சென்னையின் நெரிசலைக் குறைப்பதற்காகப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் அமைத்த துணைநகரம் இது. காட்டாங்கொளத்தூரைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. சாலையின் மேற்கே தொழிற்பேட்டை. அங்கே இரும்பு வேலைதான் அதிகம். மரம் தெரிந்தவனுக்குக் கிடைத்தது பேக்கிங் பெட்டி அடிக்கிற வேலை. உதிரி பாகங்களை வெளிநாட்டுக்கு அனுப்பப் பைன் மரத்தில் பெட்டி, அடியில் பேலட். ஐந்து வருஷம் ஆணி அடித்த பிறகுதான் சொந்தமாக ஒரு கொட்டகை போட்டு ஜன்னல், அலமாரி என்று பழைய தொழிலுக்குத் திரும்பினேன்.

வேதாசலம் என்ற தன் பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்ட மறைமலையடிகளின் பெயரைத் தாங்கிய ஊர் இது. எங்கள் பட்டறையில் பாதிப் பேச்சு ஆங்கிலம்தான். ரவுட்டர், அதில் சுழன்று வெட்டும் பிட், பிட்டைக் கவ்விப் பிடிக்கும் கோலெட் என்றுதான் சொல்கிறோம். ஆனால் அளவுக்கு இன்றும் நூல்தான். ஒரு இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். பிட் எதுவாக இருந்தாலும் அது மரத்தில் எடுப்பது காடிதான். மெஷினுக்கு வேறு பெயர் வந்தது, வேலைக்கு அப்பா சொன்ன பெயரே நிலைத்துவிட்டது.

ரவுட்டரை ஏன் மேசைக்கு அடியில் தொங்கவிட வேண்டும் என்று கேட்கலாம். அகலமான பலகை என்றால் மெஷினைப் பலகையின் மேல் வைத்து ஓட்டலாம். முக்கால் இன்ச் அகல ரீப்பரின் மேல் அந்தக் கனத்தை எப்படி நிறுத்துவது? ஒரு பக்கம் சாய்ந்தால் காடி கோணிப்போகும், பிட் மரத்தைக் கடித்துப் பிய்த்துவிடும். சின்ன மரத்துக்கு மெஷின் அசையாமல் நிற்க வேண்டும், மரம் நகர வேண்டும். அதனால்தான் மேசை.

என் முதல் மேசை பாடமாக முடிந்தது. முக்கால் இன்ச் பிளைவுட்டில் துளை போட்டு, அடியில் ரவுட்டரை மாட்டி, நாலு கால் வைத்திருந்தேன். அது 2012. சென்னைக்கு வெளியே தமிழ்நாடு முழுக்கக் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாத காலம். மெஷினின் ஸ்விட்சை லாக் செய்துவிட்டு, சுவரில் இருக்கும் பிளக் ஸ்விட்சில் போட்டு அணைப்போம். உதவிக்கு ஒரு தம்பி இருந்தான், பத்தொன்பது வயது. பீடிங் ஓட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் பிட்டைச் சுற்றி மரச்சீவல் அடைத்திருந்தது. தம்பி குனிந்து விரலால் நோண்டி எடுத்தான். அந்த நேரம் கரண்ட் வந்தது.

இடது ஆள்காட்டி விரல் நுனி. ஏழு தையல். நகம் மறுபடி நேராக முளைக்கவில்லை. "நான்தான்ணே பார்க்காம கைய வெச்சுட்டேன்" என்று அவன் எனக்கு ஆறுதல் சொன்னான். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. மேசை செய்தவன் நான். அன்று மாலையே மேசையைப் பிரித்துப் போட்டேன்.

அப்புறம் பல நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மெஷின் கையில் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? கையில் பிடித்து ஓட்டும்போது லாக் போடுவதில்லை. கரண்ட் போனதும் விரல் தானாக ஸ்விட்சை விட்டுவிடும். மறுபடி கரண்ட் வந்தாலும் மெஷின் சும்மா கிடக்கும். அந்தக் காவலை விரல் யாரும் சொல்லாமல் செய்துகொண்டிருந்தது. மேசையில் மாட்டியபோது நான் விரலை எடுத்துவிட்டேன், அது பார்த்த வேலையை வேறு எதனிடமும் கொடுக்கவில்லை. கை செய்தது அந்த ஒரு வேலை மட்டுமா? மெஷினைத் தாங்கியது, மட்டம் பார்த்தது, ஆழம் ஏற்றி இறக்கியது, மரம் திணறுவதை உணர்ந்து வேகத்தைக் குறைத்தது. இத்தனைக்கும் ஆள் வைக்காமல் மெஷினைத் தலைகீழாக மாட்டக் கூடாது என்று முடிவு செய்தேன். பத்து வருஷம் மாட்டவே இல்லை.

  2022-ல், வார்ப்புக்கு மரத்தில் மாதிரி அச்சு செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர், வயதாகிவிட்டது என்று பட்டறையை மூடினார். அவரிடம் பத்து இன்ச் ரம்பம் போட்ட டேபிள் சா ஒன்று இருந்தது. வார்ப்பிரும்பு மேசை. வலது பக்கம் மைக்கா ஒட்டிய எம்.டி.எஃப். பலகை ஒன்று எக்ஸ்டென்ஷனாக நீண்டிருந்தது. அதன் நடுவில் சதுரமாக வெட்டி, ரவுட்டர் மாட்ட ஒரு தகடு பதித்திருந்தது. "தம்பி, இதுல நான் ரவுட்டர் மாட்டினதே இல்ல. நீயாவது மாட்டு" என்று சொல்லிக் கொடுத்தார்.

தகட்டில் ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு துளைகள் இருந்தன. அந்த மேசை செய்த நாட்டில் விற்கும் மெஷின்களுக்கு ஏற்ற துளைகள். என் பழைய ரவுட்டரின் அடியில் இருந்த நாலு துளையில் ஒன்றுகூட அவற்றோடு சேரவில்லை. கூட வந்த பொட்டலத்தில் திருகுகள் இருந்தன. ஒன்றை எடுத்து மெஷினின் துளையில் விரலால் சுற்றினேன். நன்றாக உள்ளே போயிற்று. அங்கேதான் ஏமாந்திருப்பேன். முழுக்க இறங்கிய திருகை ஆட்டிப் பார்த்தால் லேசாக ஆடியது.

பக்கத்துத் தெருவில் லேத் வைத்திருக்கும் அண்ணனிடம் எடுத்துப் போனேன். மரை அளக்கும் சீப்பை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உன் மெஷின் எம்-5. மரைக்கு மரை 0.8 மில்லி. இது இன்ச் திருகு. மரைக்கு மரை 0.79. அதனால உள்ள போகுது. ஆனா கனம் 4.8 மில்லிதான் இருக்கு. மரையோட நுனியிலதான் தொத்திக்கிட்டு நிக்கும்." ஐந்தாறு கிலோ எடையுள்ள மெஷின், நிமிடத்துக்கு 22,000 சுற்று வேகத்தில் அதிர்ந்தபடி, அந்த நுனிகளில் தொங்கியிருக்கும். ஒரு நாள் மரை உரிந்து, ஓடும்போதே மெஷின் கீழே விழுந்திருக்கும். பழைய மெஷின் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்வேன்: திருகு உள்ளே போய்விட்டது என்பதற்காகப் பொருந்திவிட்டது என்று எண்ணாதீர்கள். மெஷினோடு வந்த திருகைக் கழற்றி, அதைக் கடைக்கு எடுத்துப்போய், அதே மரையில் வாங்குங்கள்.

தகட்டையே புதிதாகச் செய்துவிடுவது என்று முடிவாயிற்று. இரும்பு ஊரில் இருப்பதன் லாபம் அது. லேத் அண்ணனிடம் 10 மில்லி அலுமினியத் தகட்டின் வெட்டுத்துண்டு கிடந்தது. பழைய தகட்டை மேலே வைத்துக் கோடு கிழித்து அறுத்துக் கொடுத்தார். துளைகளைக் குறிக்கும் வேலையை நான் யாரிடமும் கொடுக்கவில்லை.

மெஷினின் அடியில் இருக்கும் கறுப்பு பேக்கலைட் தட்டைக் கழற்றினேன். அதுதான் எனக்கு அச்சு. அதைத் தகட்டின் மேல் வைத்து நாலு துளையையும் குறித்தேன். ஆனால் நடுத்துளை சரியாக நடுவில் வந்தால்தான் பிட் நடுவில் வரும். அதற்கு அளவுகோலை நம்பவில்லை. 12 மில்லி கம்பி ஒன்றின் நுனியை லேத்தில் கூராக்கி வாங்கி, கோலெட்டில் மாட்டினேன். முதலில் இரண்டு திருகை மட்டும் லேசாகப் பிடித்து மெஷினைத் தகட்டில் நிறுத்தி, கம்பியை மெல்ல இறக்கினேன். நான் கிழித்திருந்த குறுக்குக் கோட்டிலிருந்து கூர் ஒரு மயிரிழை விலகித் தொட்டது. மற்ற இரண்டு துளையை அந்த விலகலுக்கு ஏற்ப நகர்த்திக் குறித்தேன். மறுபடி இறக்கியபோது கோட்டின் மேலேயே புள்ளி விழுந்தது.

அடுத்து திருகின் நீளம். இதில்தான் பல பேர் தவறுகிறார்கள். திருகின் தலை தகட்டுக்குள் அமிழ வேண்டும், இல்லாவிட்டால் மரம் இடிக்கும். அதனால் தட்டைத் தலைத் திருகு, அதற்குக் கூம்புத் துளை. எவ்வளவு நீளம்? மெஷினின் துளைக்குள் ஒரு தீக்குச்சியை விட்டு, நகத்தால் அடையாளம் பிடித்து அளந்தேன். 9 மில்லி ஆழம், அடி மூடிய துளை. தகடு 10 மில்லி. தலை அரை மில்லி அமிழ்ந்தால், 20 மில்லி திருகு உள்ளே பத்தரை மில்லி போகப் பார்க்கும். போக இடமில்லை. அடியில் முட்டி நின்றுவிடும். முடுக்குகிற கைக்கு நன்றாக இறுகிவிட்டதாகத் தோன்றும், ஆனால் தகடும் மெஷினும் ஒன்றையொன்று கவ்வியிருக்காது. 16 மில்லி திருகு என்றால் ஆறரை மில்லி உள்ளே போகும். 5 மில்லிக் கனத் திருகுக்கு அந்தப் பிடி போதும். 16-தான் வாங்கினேன். பேக்கலைட் தட்டைத் திரும்ப மாட்டவில்லை. அது இல்லாததால் பிட் இன்னும் இரண்டு நூல் மேலே வந்தது.

மெஷினைத் தகட்டில் பூட்டிப் பலகையில் இறக்கியதும் பலகை தொய்ந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. நேர்ச் சட்டத்தை வார்ப்பிரும்பு மேசையிலிருந்து பக்கப் பலகை வரைக்கும் வைத்துப் பார்த்தபோது நடுவில் செய்தித்தாள் துண்டு இரண்டாக மடித்தும் நுழைந்தது. எம்.டி.எஃப். எங்கள் ஊரின் ஐப்பசி கார்த்திகை ஈரத்தைக் குடித்தால் இன்னும் இறங்கும். பலகையின் கீழே இரண்டு இரும்பு ஆங்கிளைக் குறுக்கே போட்டு, மேசையின் முன் தண்டவாளத்துக்கும் பின் தண்டவாளத்துக்கும் போல்ட் பூட்டினேன். தகட்டின் நாலு மூலையிலும் இருந்த சின்னத் திருகுகளால் தகட்டைப் பலகையோடு மட்டம் சேர்த்தேன். கடைசி மட்டத்தை நகத்தால்தான் பார்த்தேன். விரல் நகத்தைப் பலகையிலிருந்து தகட்டுக்கு இழுத்தால் எங்கேயும் தட்டக் கூடாது. தட்டினால் மரமும் அங்கேதான் தட்டி நிற்கும், நின்ற நொடியில் பிட் அந்த இடத்தில் ஒரு குழி எடுக்கும்.

அடுத்து ஆழம் ஏற்றி இறக்கும் வேலை. கையில் இருக்கும்போது மெஷினின் இரண்டு தூணுக்குள் இருக்கும் ஸ்பிரிங் நமக்கு உதவி. தலைகீழாகத் தொங்கும்போது அதே ஸ்பிரிங் எதிரி. நாம் மெஷினை மேலே தள்ளத் தள்ள, அது கீழே தள்ளும். ஸ்பிரிங்கைக் கழற்றிப் பெயர் எழுதி டப்பாவில் போட்டேன். பக்கத்து மெக்கானிக் தம்பி, "கார் ஜாக்கி வெச்சு தூக்கிடலாம்ண்ணே" என்றான். வெளிநாட்டில் பலர் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் கத்தரி ஜாக்கி தாழ்ந்திருக்கும்போது ஒரு சுற்றுக்கு நிறைய ஏறும், உயர உயர ஒரு சுற்றுக்குக் குறைவாக ஏறும். எனக்கு ஒவ்வொரு சுற்றும் ஒரே அளவு வேண்டும். 10 மில்லி மரைத் தண்டு ஒன்றை அடியிலிருந்து முட்டுக் கொடுத்து, நுனியில் ஒரு கைப்பிடி வைத்தேன். ஒரு சுற்றுக்கு ஒன்றரை மில்லி. இரண்டு சுற்று சுற்றினால் ஒரு நூலுக்குக் கொஞ்சம் குறைவு. கால் சுற்று என்பது ஒரு காகித அட்டைக் கனம். ஏற்றிய பிறகு மெஷினின் பூட்டைப் போட மறக்கக் கூடாது. அதிர்வில் தண்டு தானாகச் சுழன்று இறங்கும்.

இதெல்லாம் முடிந்து, மெஷின் ஓடத் தயாராக இருந்தது. நான் ஓட்டவில்லை. அந்தத் தம்பியின் விரல் நினைவில் இருந்தது.

எங்கள் ஊர்க் கிணற்றுமேட்டில் பம்ப்செட்டுக்கு ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கும். பச்சைப் பித்தான், சிவப்புப் பித்தான். கரண்ட் போனால் உள்ளே இருக்கும் காயில் விட்டுவிடும், தொடர்பு விலகும். கரண்ட் திரும்ப வந்தாலும், யாராவது போய்ப் பச்சையை அழுத்தினால்தான் மோட்டார் ஓடும். அப்பா காலத்து விவசாயிக்கே தெரிந்த பாதுகாப்பு அது. அதே சாதனத்தை ரவுட்டருக்கு வைத்தேன். இது சிங்கிள் பேஸ் மெஷின். அதனால் 240 வோல்ட் காயில் உள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும். பம்புக்கு வைக்கும் 415 வோல்ட் காயில் இதில் கவ்வாது. பெட்டியை மேசையின் முன்புறம், முழங்கால் உயரத்தில் வைத்தேன். இரண்டு கையிலும் மரம் இருக்கும்போது முழங்காலால் சிவப்பை இடிக்கலாம். அப்புறம், ஜெனரேட்டருக்கும் லைனுக்கும் நடுவே போடும் சேஞ்ச்-ஓவர் ஸ்விட்ச் ஒன்றை வாங்கி, ஒரு பக்கம் ரம்பம், ஒரு பக்கம் ரவுட்டர் என்று பிரித்தேன். ஒன்று ஓடும்போது மற்றது ஓடாது. ரவுட்டரில் வேலை செய்கிறவன் ரம்பத்தின் மேல்தான் குனிந்து நிற்கிறான். ரவுட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் முன் ரம்பத்தை மேசைக்குள் முழுக்க இறக்கிவிட வேண்டும் என்பது எங்கள் பட்டறையின் சட்டம்.

வயரிங்கை எலக்ட்ரீஷியன் முடித்ததும் நான் செய்த முதல் சோதனை இது. கோலெட்டில் பிட் இல்லாமல் மெஷினை ஓடவிட்டு, மெயினை அணைத்தேன். மெஷின் நின்றது. மெயினைப் போட்டேன். மெஷின் அசையவில்லை. பத்து வருஷத்துக்கு முன் செய்திருக்க வேண்டிய சோதனை.

கோலெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய மெஷினில் முதலில் கிழடாவது மோட்டார் அல்ல, கோலெட்தான். என்னுடையது 12 மில்லி. கடையில் அரை இன்ச் பிட் கேட்டால் 12.7 மில்லி கொடுப்பார்கள். 12 கேட்டாலும் சில சமயம் அதையே எடுத்து நீட்டுவார்கள். முக்கால் மில்லிகூட இல்லாத வித்தியாசம். 12.7 பிட் 12 கோலெட்டில் நுழையாது, அதனால் ஆபத்தில்லை. மாறாக, அரை இன்ச் கோலெட் உள்ள மெஷினில் 12 பிட் எளிதாக நுழையும், ஸ்பேனரால் இறுக்கினால் பிடித்ததுபோலவும் தெரியும். ஓடும்போது அது மேலே ஏறி வரும் அல்லது பறந்து போகும். பிட்டை அடி வரை விட்டு, இரண்டு மில்லி மேலே இழுத்த பிறகே இறுக்குங்கள். அடியில் முட்டியபடி இறுக்கினால் கோலெட் முழுக்கக் கவ்வாது. பழைய கோலெட்டின் உள்ளே கறுப்பாகத் தேய்ந்த வளையம் தெரிந்தால் மாற்றிவிடுங்கள், அதில் சிக்கனம் வேண்டாம்.

கை மாறினால் திசையும் மாறும். ரவுட்டரைக் கையில் பிடித்து, நம் பக்கம் இருக்கும் பலகை விளிம்பில் இடமிருந்து வலம் ஓட்டிப் பழகியிருப்போம். மேசையில் மெஷின் கவிழ்ந்துவிட்டதால் மரத்தை வலமிருந்து இடம் தள்ள வேண்டும். பிட் மரத்தை எதிர்த்து வர வேண்டும். திசை தப்பினால் பிட் மரத்தைப் பிடுங்கி எறியும், மரத்தோடு கையும் பிட்டின் பக்கம் போகும். மரத்தை ஒட்டித் தள்ளுவதற்கான சட்டமான கைடுக்கும் பிட்டுக்கும் நடுவே மரத்தை ஒருபோதும் விடக் கூடாது. இருபது வருஷக் கைப் பழக்கம் ஒரே நாளில் போகாது. அதனால் மேசையின் மேல் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு அம்புக்குறி போட்டிருக்கிறேன். நான் இல்லாத நேரத்தில் புதுப்பையன் வந்தாலும் அது சொல்லும்.

டேபிள் சாவோடு ரவுட்டர் சேர்வதில் ஒரு பெரிய வசதி, இரண்டுக்கும் ஒரே கைடு போதும் என்பது. ரம்பத்துக்கு கைடு இம்மியும் கோணாமல் இணையாக நிற்க வேண்டும். ரவுட்டர் பிட் வட்டமானது, அதற்கு இணை என்ற பேச்சே இல்லை. பிட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் கணக்கு. ரம்பத்தின் கைடுமேல் பைன் மரச் சட்டம் ஒன்றைத் திருகி, பிட் ஒளிந்துகொள்ள நடுவில் ஒரு பிறை வெட்டினேன். அந்தப் பைன், பேக்கிங் பெட்டியிலிருந்து பிரித்த பலகை. பழைய தொழில் புதுத் தொழிலுக்குக் கை கொடுத்தது என்று எனக்குச் சந்தோஷம்.

முதல் வேலை மாமல்லபுரத்திலிருந்து வந்தது. கடற்கரைக்குப் பக்கத்தில் பழைய வீடு ஒன்றுக்குத் தேக்கு ஜன்னல்கள். வீட்டுக்காரர் ஐந்து ரதங்களுக்கு அழைத்துப்போய், கூரை விளிம்பின் வளைவைக் காட்டி, "மேஸ்திரி, இந்த வளைவு ஜன்னல்மேல வரணும்" என்றார். சின்ன வயதிலிருந்து பார்த்த ரதங்கள்தான். அன்றைக்குத்தான் தச்சன் கண்ணால் பார்த்தேன். ஏழாம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து செய்தவை, ஆனால் உருவமெல்லாம் மரவேலை. திரௌபதி ரதம் ஓலைக் குடிசை. பீமன் ரதத்தின் கூரை வண்டிக்கூண்டு. மரத்தில் கட்டிய கட்டடங்களைப் பார்த்துத்தான் கல்லில் அடித்திருக்கிறார்கள். அந்த மரங்கள் எல்லாம் மண்ணாகிப் போய்விட்டன, தச்சனின் வேலை கல்லில் நிற்கிறது.

கண்ணாடி பிடிக்கும் சட்டங்கள் அரை இன்ச் அகலம்தான். அவ்வளவு ஒல்லியான மரத்தை மேசையில்கூடத் தள்ளக் கூடாது, விரல் பிட்டுக்கு வெகு அருகில் போய்விடும். அதற்கு ஒரு வழி உண்டு. நாலு இன்ச் அகலப் பலகையை எடுத்து, அதன் விளிம்பில் ரவுட்டரால் வளைவை ஓட்டிவிட வேண்டும். பிறகு ரம்பத்தை ஏற்றி, அந்த விளிம்பை மட்டும் அரை இன்ச்சாகக் கிழித்து எடுக்க வேண்டும். மறுபடி அதே பலகையில் அடுத்த வளைவு. ரவுட்டர், ரம்பம், ரவுட்டர், ரம்பம் என்று ஒரே மேசையில் ஓடியது. அப்பாவின் இழைப்புளியில் ஒரு வாரம் ஆகியிருக்கும் வேலை ஒன்றரை நாளில் முடிந்தது. ஒரு சட்டத்தையும் அடுத்த சட்டத்தையும் மூலையில் சேர்த்தபோது வளைவோடு வளைவு ஒட்டி நின்றது. கடல் காற்றுக்கு இரும்புத் திருகு தாங்காது என்று எல்லாவற்றையும் பித்தளைத் திருகால் பூட்டினேன்.

அதே வீட்டுக்குக் கதவும் கேட்டார்கள். நடுப்பலகை மேடாக எழும்பிய கதவு. அதற்கு 75 மில்லி விட்டமுள்ள பெரிய பிட் விற்கிறார்கள். என் மெஷினில் அதை மாட்ட மறுத்துவிட்டேன். 12 மில்லி பிட் 22,000 சுற்றில் சுழன்றால் அதன் விளிம்பு மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 75 மில்லி பிட்டின் விளிம்பு மணிக்கு 310 கிலோமீட்டரைத் தொடும். அந்தப் பிட் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டதல்ல. வேகம் குறைக்கத் தெரியாத பழைய மெஷினிடம் அந்த வேலையைக் கேட்கக் கூடாது. ரம்பத்தைச் சாய்த்து வைத்து, பலகையின் நாலு ஓரத்தையும் சரிவாக அறுத்து, அந்த மேட்டை எடுத்தேன். வீட்டுக்காரருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ரவுட்டர் இப்போதும் நன்றாக ஓடுகிறது. தினமும் சாயங்காலம் புளோயரால் தூசி அடிக்கிறோம். அடியில் பெட்டி போட்டு மூடவில்லை, மோட்டார் கீழிருந்துதான் காற்றை இழுக்கிறது. கார்பன் பிரஷ்ஷைப் பார்த்து மாற்றுகிறோம். வார்ப்பிரும்பு மேசைக்கு மெழுகு தேய்க்கிறோம். விரலில் தையல் போட்டுக்கொண்ட அந்தத் தம்பிக்கு இப்போது செங்கல்பட்டில் சொந்தப் பட்டறை இருக்கிறது. போன வருஷம் வந்து மேசையைப் பார்த்தான். எல்லாவற்றுக்கும் முன்னால் பச்சைப் பித்தானை அழுத்தி, மெயினை அணைத்து, திரும்பப் போட்டுப் பார்த்தான். மெஷின் நின்றபடியே நின்றது. "இதே மாதிரி எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுண்ணே" என்றான். போட்டுக் கொடுத்தேன்.

பழைய ரவுட்டர் வைத்திருக்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. அதைத் தூக்கிப் போடாதீர்கள், இரும்புக் கடைக்கும் கொடுக்காதீர்கள். அதை மேசையில் மாட்டலாம், இன்னும் இருபது வருஷம் உழைக்கும். ஆனால் தகட்டில் முதல் துளை போடுவதற்கு முன்னால், ஸ்டார்ட்டரை வாங்கி மேசையின் முன்புறம் மாட்டிவிடுங்கள்.